பதினெட்டு வயது மாலுமியும் 78 ஆண்டுக் காத்திருப்பும்

இரண்டாம் உலகப் போரின் கடல் சண்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் வட்டாரத்தில் பெரியவர்கள் முதலில் சொல்வது குவாந்தான் கடலைத்தான். 1941 டிசம்பர் 10ஆம் தேதி ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் அங்கே மூழ்கடித்தன. 800க்கும் அதிகமானோர் மாண்டனர். மேலே காவலுக்கு விமானம் இல்லாமல் கப்பலை அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

அதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை. 1942 டிசம்பர் 1ஆம் தேதி, திமோர் தீவுக்குத் தெற்கே, இதே கதை மிகச் சிறிய கப்பல் ஒன்றில் மறுபடியும் நடந்தது. ‘ஆர்மிடேல்’ என்பது அந்த ஆஸ்திரேலியக் கப்பலின் பெயர். அதில் இருந்த ஒரு மாலுமியைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். பெயர் எட்வர்ட் ஷீயன். வீட்டிலும் கப்பலிலும் டெடி. இறந்தபோது வயது 18. இன்னும் 27 நாள் இருந்திருந்தால் 19 ஆகியிருக்கும்.

கடற்படையில் அவர் வகித்த பதவிக்கு ‘ஆர்டினரி சீமன்’ என்று பெயர். சாதாரண மாலுமி. பயிற்சி முடித்துக் கப்பலேறும் இளைஞனுக்குக் கிடைக்கும் அடிமட்டப் பதவி அது. அவருக்கு மேலே உத்தரவு போடக் கப்பலில் பலர் இருந்தார்கள். அவருடைய உத்தரவைக் கேட்க ஒருவரும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடைசி உத்தரவு வந்தபோது அவர் செய்ததை அப்போதுதான் சரியாக எடைபோட முடியும்.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் டாஸ்மேனியா தீவில், லோயர் பாரிங்டன் என்ற ஊரில், 1923 டிசம்பர் 28ஆம் தேதி டெடி பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. டெடி அந்த வீட்டின் பதினான்காவது பிள்ளை! பிறகு குடும்பம் லட்ரோப் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. டெடி அங்கிருந்த கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கிடைத்த வேலையைச் செய்தார். நிலையான வேலை இல்லை. கூப்பிட்டால் போவது, முடிந்ததும் திரும்புவது. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

அண்ணன்மார் ஐவர் அவருக்கு முன்பே படையில் சேர்ந்துவிட்டார்கள். நால்வர் தரைப்படை, ஒருவர் கடற்படை. 1941 ஏப்ரல் 21ஆம் தேதி டெடியும் கடற்படையில் பதிந்தார். அப்போது வயது 17. தாய்நாட்டுப் பற்றா, அண்ணன்களைப் பார்த்து வந்த ஆசையா, மாதச் சம்பளமா என்று கேட்டால், அந்த வயதில் இவை மூன்றும் தனித்தனியாகவா இருக்கும்?

1942 மே மாதம் அவரைச் சிட்னிக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தில் ‘கட்டபுல்’ என்ற பழைய பயணிகள் படகைக் கடற்படை எடுத்து, மாலுமிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தது. டெடிக்கும் அங்கேதான் படுக்கை. மே 31ஆம் தேதி இரவு ஜப்பானின் சிறு நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. ஒரு டார்பிடோ ‘கட்டபுல்’ படகை மூழ்கடித்தது. உறங்கிக்கொண்டிருந்த 21 மாலுமிகள் உயிரிழந்தனர். டெடி அன்று அங்கே இல்லை. விடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தார்.

நம் வீடுகளில் இப்படி நடந்தால் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, ‘இனி எதற்கு அந்த வேலை’ என்று பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். போர்க்காலத்தில் அதற்கு இடமில்லை. 11 நாட்களில் டெடி சிட்னிக்குத் திரும்பி, ஜூன் மாதம் பணியில் இறங்கிய புத்தம்புதுக் கப்பலான ‘ஆர்மிடேல்’ கப்பலில் ஏறினார்.

அந்தக் கப்பலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘பாதர்ஸ்ட்’ வகைக் கப்பல் அது. கண்ணிவெடி அகற்றவும் மற்றக் கப்பல்களுக்குத் துணை போகவும் கட்டப்பட்டது. நீளம் 57 மீட்டருக்குள்; வேகமும் குறைவு. ஆஸ்திரேலியா இந்த வகையில் 60 கப்பல்களைக் கட்டியது. அவற்றில் நான்கு அன்றைய இந்தியக் கடற்படைக்குப் போயின. அந்த நான்கில் ஒன்றின் பெயர் ‘மெட்ராஸ்’. ஆக, டெடி நடந்த தளத்தைப் போலவே அமைந்த ஒரு தளத்தில் நம் இந்திய மாலுமிகளும் அதே போரில் நடந்திருக்கிறார்கள்.

கப்பலில் டெடிக்குக் கொடுத்த வேலை, ‘ஓர்லிகன்’ என்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்புவது. சுடுவது வேறொருவர். ஓர்லிகனில் வட்டமான குண்டுப் பெட்டி மாட்டப்பட்டிருக்கும். ஒரு பெட்டியில் 60 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். உடனே காலிப் பெட்டியைக் கழற்றி, 30 கிலோவை நெருங்கும் அடுத்த பெட்டியைத் தூக்கி மாட்ட வேண்டும். பண்ணை வேலையில் உரமேறிய தோள்களுக்கு ஏற்ற வேலைதான். சுடுபவர் தம் தோள்களைத் துப்பாக்கியின் தாங்கிகளில் பொருத்தி, இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, உடம்போடு சேர்த்தே துப்பாக்கியைத் திருப்புவார். ஆட்டம் காணும் கப்பலில் கால் வழுக்காமல் நிற்க அந்தப் பட்டை உதவும். அவசரத்தில் விலகி ஓடவும் அதுவே தடையாகும்.

இனி திமோருக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐந்து நாட்களில் ஜப்பானியப் படை திமோரில் இறங்கியது. மலைகளுக்குள் ஒதுங்கிய ஆஸ்திரேலிய வீரர்கள் மாதக்கணக்கில் மறைந்திருந்து போரிட்டார்கள். உணவும் வழியும் காட்டியவர்கள் திமோர் மக்கள். அதற்காகவும் போரினாலும் அந்த மக்கள் பல்லாயிரக் கணக்கில் உயிரிழந்தார்கள். ஆஸ்திரேலியாவில் நடக்கும் நினைவுக் கூட்டங்களில் இந்த வரி அடிக்கடி விடுபட்டுப் போகிறது என்பது என் வருத்தம்.

நவம்பர் இறுதியில், களைத்துப் போன அந்த வீரர்களையும் டச்சுப் படையினரையும் போர்ச்சுகீசியப் பெண்கள், குழந்தைகளையும் மீட்டுவர மூன்று கலங்கள் டார்வினிலிருந்து புறப்பட்டன. முதலில் போனது ‘குரு’ என்ற சிறு ரோந்துக் கலம். பின்னால் ‘காசல்மெய்ன்’, ‘ஆர்மிடேல்’ என்ற இரண்டு கப்பல்கள். ‘ஆர்மிடேல்’ கப்பலில், திமோரில் இறக்கிவிடுவதற்காக டச்சுக் கிழக்கிந்தியப் படையைச் சேர்ந்த 60க்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இன்றைய இந்தோனீசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள்.

வழியிலேயே ஜப்பானிய விமானங்கள் கப்பல்களைக் கண்டுபிடித்துவிட்டன. தாக்குதல்களில் நேரம் போயிற்று. இரண்டு கப்பல்களும் பெட்டானோ கரையை அடைந்தபோது, ‘குரு’ மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தது. விடிந்த பிறகு கடலில் மூன்றும் சந்தித்தன. மீட்கப்பட்டவர்களைக் ‘காசல்மெய்ன்’ வாங்கிக்கொண்டு டார்வினுக்குத் திரும்பியது. ‘குரு’வும் ‘ஆர்மிடேல்’ கப்பலும் அன்றிரவே மறுபடி பெட்டானோ செல்ல வேண்டும் என்பது உத்தரவு. பகல் வெளிச்சம். எதிரிக்கு இடம் தெரிந்துவிட்டது. காவலுக்கு விமானம் கேட்டார்கள். விமானத் தாக்குதலை வழக்கமான ஆபத்தாக ஏற்றுக்கொண்டு செல்லுங்கள் என்ற பொருளில் டார்வின் தலைமையகம் பதில் அனுப்பியது. குவாந்தான் கொடுத்த பாடம் ஓராண்டுக்குள் மறந்துபோனதா, அல்லது வேறு வழியே இல்லையா? வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மலையில் சிக்கியிருந்த வீரர்களைக் கைவிடவும் முடியாதுதான். என்றாலும் அந்தப் பதிலின் தொனியைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிற்பகல் 2 மணி அளவில் ‘ஆர்மிடேல்’ தனித்துவிடப்பட்டிருந்தது. குறைந்தது 13 விமானங்கள் சூழ்ந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் கப்பல் வளைந்து வளைந்து தப்பித்தது. 3.15 மணிக்கு இடப்பக்கத்தில் ஒரு டார்பிடோ, அடுத்து இயந்திரப் பகுதியில் இன்னொன்று. கப்பல் சாய்ந்தது. கப்பலைவிட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. ஆட்கள் கடலில் குதித்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களை விமானங்கள் தாழப் பறந்து சுட்டன.

டெடி மற்றவர்களுடன் சேர்ந்து ஓர் உயிர்காப்புத் தெப்பத்தை அவிழ்த்துவிட்டார். அப்போதே மார்பிலும் முதுகிலும் குண்டு பாய்ந்தது. அதன் பிறகு அவர் கடலை நோக்கிப் போகவில்லை. சாய்ந்துகொண்டிருந்த தளத்தில் தவழ்ந்து, பின்பக்க ஓர்லிகனுக்குப் போனார். குண்டு நிரப்புபவர், சுடுபவரின் இடத்தில் நின்றார். பட்டையைக் கட்டிக்கொண்டார். சுட ஆரம்பித்தார்.

ஒரு விமானத்தை வீழ்த்தினார், வேறு இரண்டைச் சேதப்படுத்தினார் என்பது உயிர் பிழைத்தவர்களின் வாக்கு. ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தக் கணக்கை அல்ல. கப்பல் கீழே போய், தண்ணீர் துப்பாக்கியை மூடிய பிறகும், நீருக்குள்ளிருந்து குண்டுகளின் ஒளிக்கீற்று மேலே வந்ததைத்தான் சொன்னார்கள். தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, தங்களைச் சுட வந்த விமானங்கள் விலகிப் பறப்பதைப் பார்த்தவர்களின் சாட்சியம் அது.

கப்பலில் இருந்த 149 பேரில் கடைசியில் கரை சேர்ந்தவர்கள் 49 பேர். கப்பலின் தலைவர் சிலருடன் இயந்திரப் படகில் உதவி தேடிக் கிளம்பினார். வேறு சிலர், பாதி மூழ்கிக் கிடந்த துடுப்புப் படகைச் சீர்செய்து பின்னால் புறப்பட்டார்கள். இரு படகினரையும் சில நாட்கள் கழித்துக் ‘கல்கூர்லி’ என்ற கப்பல் மீட்டது. மிச்சமிருந்தோர் ஒரு தெப்பத்தில் காத்திருந்தனர். ஒரு விமானம் அவர்களைக் கண்டது, படமும் எடுத்தது. கடல் கொந்தளித்ததால் இறங்க முடியவில்லை. மறுபடி தேடியபோது தெப்பம் இல்லை. அவர்களை யாரும் பிறகு பார்க்கவே இல்லை.

தொலைக்காட்சியில் வேலை செய்கிறவள் நான். ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘படம் இருக்கிறதா?’ என்பதுதான். டெடியைப் பற்றித் தேடினால் சீருடையில் ஓர் இளைஞரின் முகம் கிடைக்கிறது. அடுத்து, ஓவியர் டேல் மார்ஷ் 1978ல் வரைந்த ஓவியம் கிடைக்கிறது. அதில் டெடி துப்பாக்கியோடு ஒன்றாகி, வானத்தை நோக்கிச் சுடுகிறார். கன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கும் அந்த ஓவியம்தான் இப்போது பலருக்கும் ‘நடந்த காட்சி’யாகவே மாறிவிட்டது. திரைக்கு அது மிகவும் பொருத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றாவது படத்தை. விமானத்திலிருந்து எடுத்த தெப்பத்தின் படம். கறுப்பு வெள்ளையில் கடல், நடுவே சிறு சிறு மனித உருவங்கள். எந்த உருவம் யாருடையது என்று சொல்ல இயலாது.

டெடியின் செயலுக்கு அரசு என்ன செய்தது? 1943ல் அவர் பெயரை இராணுவ அறிக்கையில் பாராட்டிக் குறிப்பிட்டார்கள். அவ்வளவுதான். அந்தக் காலத்து விதிப்படி, போரில் இறந்துபோன ஒருவரின் வீரத்துக்குத் தரக்கூடியவை இரண்டே இரண்டு: உச்சியில் விக்டோரியா கிராஸ், அடியில் இந்த அறிக்கைக் குறிப்பு. உயிரோடு இருப்பவருக்கு இடையில் பல பதக்கங்கள் உண்டு. இறந்தவருக்கு நடுப்படி கிடையாது. ஆகவே மேலே ஏற்றத் தயங்கினால் கீழேதான் வைக்க முடியும். அப்படித்தான் வைத்தார்கள்.

லட்ரோப் ஊர் அதை ஏற்கவில்லை. உடன்பிறந்தாரும் அவர்களின் பிள்ளைகளும், உயிர் தப்பிய கப்பல் தோழர்களும் பல்லாண்டுகள் விடாமல் கேட்டார்கள். முதலில் அசைந்தது கடற்படை. ஆஸ்திரேலியா தன் ஆறு புதிய நீர்மூழ்கிகளுக்குப் போர்க்காலக் கடற்படையினரின் பெயர்களைச் சூட்டியது. ஐந்து பெயர்கள் அதிகாரிகளுடையவை. ஆறாவது ஷீயன். 1999ல் அந்த நீர்மூழ்கியைக் கடலில் இறக்கி வைத்தவர் டெடியின் சகோதரி. ‘தொடர்ந்து போரிடு’ என்பது அதற்குச் சூட்டிய வாசகம். 2001ல் அது கடற்படைப் பணியில் சேர்ந்தது.

பதக்கம் மட்டும் வரவில்லை. டெடி உட்பட 13 பேருக்குரிய கௌரவத்தை ஆராய்ந்த விசாரணை, 2013ல் யாருக்கும் விக்டோரியா கிராஸ் பரிந்துரைக்கவில்லை. பிறகு டாஸ்மேனிய அரசியல்வாதி கை பார்னெட் மறுபரிசீலனை கேட்டார். 2019ல் அதற்கான தீர்ப்பாயம், டெடிக்குத் தரலாம் என்றது. 2020 மே மாதம் மத்திய அரசு அதை நிராகரித்தது. நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. பிரதமர் ஸ்காட் மோரிசன், பிரெண்டன் நெல்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 2013 விசாரணை தேவையான எல்லாத் தகவல்களையும் வைத்து முடிவெடுக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னது. 2020 ஆகஸ்டில் எலிசபெத் அரசியார் ஒப்புதல் அளித்தார். டெடி இறந்து சரியாக 78 ஆண்டுகள் ஆன அதே டிசம்பர் 1ஆம் தேதி, கன்பராவில் தலைமை ஆளுநர் டேவிட் ஹர்லி பதக்கத்தைக் குடும்பத்தினரிடம் ஒப்படைத்தார். ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த ஒருவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அதுவே முதல் முறை.

தயங்கியவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய போர்களின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் எங்கே நிறுத்துவது, நேரில் பார்த்த அதிகாரிகள் எடுத்த முடிவை எழுபது ஆண்டு கழித்து நாம் எப்படித் திருத்துவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகளே. ஆனால் இந்த வழக்கில், நேரில் பார்த்தவர்கள் யார்? தண்ணீரில் கிடந்த மாலுமிகள். அவர்கள் சொன்னதை மேலே இருந்த மேசைகள் எந்த அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்டன என்பதுதான் என் கேள்வி. டெடியின் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த 49 பேர் மூலமாகத்தான். அவர்கள் மீண்டதற்கு அவருடைய துப்பாக்கியும் ஒரு காரணம். தம்மைப் பற்றிச் சொல்லப் போகிறவர்களைத்தான் அவர் காப்பாற்றினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

தெப்பத்தில் இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் டச்சுக் கிழக்கிந்தியப் படையினர் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். நம் அண்டை நாட்டுப் பிள்ளைகள். இன்னொரு நாட்டின் கொடியின் கீழ், வேறொரு நாட்டின் கப்பலில், மூன்றாவது ஒரு தீவுக்குப் போகும் வழியில் இறந்தவர்கள். டெடியைப் பற்றிய கட்டுரைகளில் அவர்கள் ஓர் எண்ணிக்கையாக வருகிறார்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு கம்பத்தில் ஒரு தாய் இருந்திருப்பார். கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட பெயர்களிடையே இந்தியப் பெயர்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெயராவது கல்லில் இருக்கிறதே என்பது ஓர் ஆறுதல்.

டெடியின் உடல் கிடைக்கவில்லை. கடலில் மறைந்த ஆஸ்திரேலியக் கடற்படையினரின் பெயர்கள், இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உள்ள கடற்படை நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. திமோர் கடலில் மூழ்கிய டாஸ்மேனியப் பண்ணைப் பையனின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. லட்ரோப்பில் ஊரார் அவருக்கென நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். நடைபாதை ஒன்றும் உண்டு. பதக்கம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அந்த ஊர்க்காரர்கள் அதில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.